நோபலை விடப் பெரிய லீவு

நாங்கள் சீனி வருத்தத்துக்குப் போடும் இன்சுலினின் மூலக்கூறு அமைப்பைக் கண்டறிந்தவர் டொரதி ஹொட்ஜ்கின். 1910இல் கெய்ரோவில் பிறந்தவர். இன்சுலினை எக்ஸ்-கதிரில் முதலில் படமெடுத்தது 1934இல், விடை கிடைத்தது 1969இல். இடையில் பெனிசிலின், விட்டமின் பி12 அமைப்புகளைக் கண்டறிந்து 1964இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். இளவயதிலேயே மூட்டுவாதம் வேறு.

1938இல் முதல் பிள்ளை கிடைத்தபோது ஒக்ஸ்போர்ட் அவருக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு கொடுத்தது. அங்கே அப்படி லீவு பெற்ற முதல் பெண் அவர்தான். எங்களுக்கு நோபலை விட இதுதான் பெரிய செய்தி. 1995 முதல் ரோயல் சொசைட்டி அவர் பெயரில் இளம் ஆய்வாளர்களுக்கு நிதி கொடுக்கிறது. பிள்ளை பராமரிப்போ சுகயீனமோ இருந்தால் பகுதிநேரமாகவும் ஆய்வு செய்யலாம்.

எங்கட பெண்பிள்ளைகளும் விஞ்ஞானம் படித்துக் கம்பஸ் போகிறார்கள். கல்யாணப் பேச்சில் வீடு, சீதனம் எல்லாம் பேசுகிறோம். அவள் மேலே ஆய்வு செய்வதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.