சீயத்தில் இருந்த பிரதி

2023இல் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கோரும் மென்பொருள் ஒன்று முடக்கியது நண்பர்களுக்கு நினைவிருக்கலாம். சேவை விரைவில் மீண்டது. ஆனால் ஏறத்தாழ 5000 முகவரிகளுக்குரிய, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்கள் மீளவில்லை. வலையமைப்போடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியே கழற்றி வைத்த பிரதி அந்த நாட்களுக்கு இருக்கவில்லை.

தொலைவிலுள்ள வழங்கியின் தரவை நாடாவில் பதிவோர், கட்டளை இடுமுன்னரே சிலவற்றை உறுதிசெய்வர். நாடா செருகப்பட்டுள்ளதா, எழுத்துத் தடை நீக்கப்பட்டுள்ளதா, போதிய இடம் உண்டா, அது இன்றைக்குரிய நாடாதானா? நள்ளிரவில் பிழை தெரிந்தால், தொலைவிலிருந்து கைநீட்டி நாடாவை மாற்ற இயலாது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண்டி இராச்சியமே நினைவுக்கு வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு உபசம்பதை பெற்ற பிக்குகள் எவரும் எஞ்சவில்லை. புதியவருக்கு உபசம்பதை அளிக்கக் குறைந்தது ஐந்து பிக்குகளேனும் கூடவேண்டும் என்பது விதி. எனவே அறுந்த மரபை நூல்களைக் கொண்டு மட்டும் மீட்க வழியில்லை. அதற்கு முன்னர் இருமுறை அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்து மீட்ட மரபுதான் அது. பேணுவாரின்றி மீண்டும் அற்றுப்போயிருந்தது.

ஆயினும் ஒரு பிரதி தொலைவில் உயிரோடிருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் இலங்கையிடமிருந்து துறவு மரபைப் பெற்ற நாடு சீயம். கண்டியிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஒல்லாந்தரின் கப்பலை நம்பவேண்டியிருந்தது. விஜய இராஜசிங்கன் காலத்து முதல் தூது கடல் விபத்தில் அழிந்தது. அடுத்தது மன்னன் மறைவால் பயனற்றுப்போனது. மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1750இல் அனுப்பிய தூதே வென்றது. 1753இல் உபாலி தேரர் தலைமையில் சீயத்துப் பிக்குகள் கண்டிக்கு வந்தனர். மல்வத்தையில் உபசம்பதை நிகழ்ந்தது. வெலிவிட்ட சரணங்கரர் சங்கராஜா ஆனார். இன்றைய சியம் நிகாயத்தின் தொடக்கம் அதுவே.

14 ஆண்டுகள் கழித்து, 1767இல், பர்மியப் படை அயுத்தியாவை எரித்தது. தூது இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் கேட்பதற்கு யார் இருந்திருப்பார்? தொலைவில் பிரதி உண்டு என்ற நம்பிக்கை மட்டும் காப்பாகாது. அது இன்றும் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

நமக்கும் இந்தப் பாடம் புதிதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதியற்ற சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுக்கு ஒரு சீயம் இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் போன்ற முயற்சிகளால் இன்று நம் ஏடுகள் பல மின்வடிவில் உள்ளன. உங்கள் வீட்டிலும் பழைய படங்களோ கடிதங்களோ வட்டில் பதிந்து கிடக்கலாம். இந்த வாரம் அதில் ஒன்றையாவது திறந்து பாருங்கள்.