பித்தநாள அடைப்பு: காரணங்கள், அறுவைச் சிகிச்சை, பலன்கள்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், பித்தநாளம் வழியாகச் சிறுகுடலை அடைகிறது. இப்பாதை தடைப்படுவதே பித்தநாள அடைப்பு. இதனால் பிலிரூபின் என்னும் நிறமி இரத்தத்தில் மிகுந்து, கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன.

அனைத்துக் காமாலையும் ஒன்றல்ல. ஹெபடைடிஸ் ‘ஏ’ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணியும். அடைப்புக் காமாலையில் அடைப்பு நீங்கவேண்டும். கீழாநெல்லியும் பத்தியமும் கல்லையோ கட்டியையோ அகற்றுவதில்லை.

அறிகுறிகள்
• வெளிறிய, களிமண் நிற மலம்
• அடர்மஞ்சள் நிறச் சிறுநீர்
• உடல் முழுவதும் அரிப்பு
• வலது மேல்வயிற்றில் வலி
• பசியின்மை, எடைக்குறைவு

காரணங்கள்
பித்தப்பையிலிருந்து நழுவிவரும் கற்களே பொதுவான காரணம். கணையத் தலைப்பகுதி, பித்தநாளம், பித்தப்பை ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய், முந்தைய அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்படும் நாளச் சுருக்கம், பிறவி நீர்க்கட்டி, உருண்டைப் புழு ஆகியனவும் காரணமாகலாம்.

பரிசோதனைகள்
முதலில் இரத்தப் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் செய்யப்படும். தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் அல்லது எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுக்கப்படும்.

சிகிச்சை
கற்கள்: வாய்வழியே உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி (இ.ஆர்.சி.பி.) கல் அகற்றப்படும். மீண்டும் கல் வராமலிருக்க, பித்தப்பை பின்னர் லேப்ராஸ்கோப்பி மூலம் நீக்கப்படும். இ.ஆர்.சி.பி.க்குப் பின் சிலருக்குக் கணைய அழற்சி ஏற்படலாம்.

நாளச் சுருக்கம், நீர்க்கட்டி: சுருக்கத்திற்கு உள்நோக்கி வழியே ஸ்டென்ட் பொருத்தப்படலாம். அது போதாதபோது பித்தநாளம் சிறுகுடலுடன் இணைக்கப்படும். நீர்க்கட்டி வெட்டி நீக்கப்பட்டு, இவ்விணைப்பு செய்யப்படும்.

புற்றுநோய்: பரவாத நிலையில் கட்டி அகற்றப்படும், கணையத் தலைப்பகுதிக் கட்டிக்கு விப்பிள் அறுவைச் சிகிச்சை செய்யப்படும். பரவியிருப்பின் ஸ்டென்ட் பொருத்துவது அரிப்பையும் காமாலையையும் குறைக்கும், நோயைக் குணப்படுத்தாது. பிளாஸ்டிக் ஸ்டென்டை ஏறத்தாழ 3 மாதங்களில் மாற்றவேண்டும். தவறினால் அடைபட்டுக் கிருமித்தொற்று ஏற்படலாம்.

பலன்கள்
கல் அகற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முழுமையாக நலமடைவர். மஞ்சள் நிறம் மறையச் சில வாரங்கள் ஆகலாம். புற்றுநோயில், எவ்வளவு விரைவில் கண்டறியப்படுகிறது என்பதே பலனைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பச்சிளங்குழந்தைகள்
பிறந்து 2 வாரங்களுக்குப் பின்னும் காமாலை நீடித்தால், குறிப்பாக மலம் வெளிறியிருந்தால், உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பிறவிப் பித்தநாள அடைப்பிற்கான கசாய் அறுவைச் சிகிச்சை, 60 நாட்களுக்குள் செய்யப்பட்டால் நற்பலன் தரும் வாய்ப்பு அதிகம். எனினும் பலருக்குப் பின்னாளில் கல்லீரல் மாற்று சிகிச்சை தேவைப்படலாம்.

உடனடி உதவி
காமாலையுடன் குளிர்க்காய்ச்சல், கடும் வயிற்றுவலி, மனக்குழப்பம், இரத்தக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

வேப்பூர் வட்டாரத்தினர் முதற்கட்டப் பரிசோதனைக்கு விருத்தாசலம் அரசு மருத்துவமனையை அணுகலாம். உயர்சிகிச்சைக்கு எங்குச் செல்வது என மருத்துவர் வழிகாட்டுவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய ஸ்கேன் அறிக்கைகள், உட்கொள்ளும் மருந்துகளின் விவரம் ஆகியவற்றைத் தவறாமல் எடுத்துச்செல்லுங்கள்.