பட்டா யார் பேரில்?: கைக்கணினி விளையாட்டில் விண்டோஸும் லினக்ஸும்

விடுமுறைக்கு ஜெர்மனியிலிருந்து வந்த அக்கா மகன் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து என் மடியில் வைத்தான். இரண்டு பக்கமும் பிடி, நடுவில் ஏழு அங்குலத் திரை. ஸ்டீம் டெக். "மாமா, இது சும்மா விளையாட்டுச் சாமான் இல்ல, முழுக் கம்ப்யூட்டர். ஆனா விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்." அதில் ஓடிக்கொண்டிருந்த விளையாட்டோ விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அதைக் கேட்டேன். "ஆமா, விண்டோஸ் கேம்தான். விண்டோஸ் இல்லாம ஓடுது" என்றான், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு.

எம்.ஏ. தமிழ் படித்தவன் காதில் இந்த வாக்கியம் தொழில்நுட்பச் செய்தியாக விழுவதில்லை. மூலமொழி தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத ஊரில் ஒரு பிரதி தங்குதடையின்றி வாசிக்கப்படுகிறது என்றுதான் விழுகிறது. அப்படியானால் மொழிபெயர்த்தது யார், கூலி கொடுத்தது யார், மொழிக்கே சொந்தக்காரர் என்று ஒருவர் இருக்கிறாரா?

இந்தக் கைக்கணினிகளைச் சுற்றிப் புழங்குகிற கதையாடல்கள் இரண்டு. விண்டோஸ் என்கிற சாம்ராஜ்யத்தை லினக்ஸ் என்கிற விடுதலைப்படை வீழ்த்திக்கொண்டிருக்கிறது என்பது ஒன்று. இதில் அரசியலே இல்லை, எது வேகமாக ஓடுகிறது, எதில் பேட்டரி நிற்கிறது என்பதே கேள்வி என்பது மற்றொன்று. இரண்டுமே உடைமை பற்றிய கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்த்தால் அந்தக் கேள்விதான் எல்லா இடத்திலும் காலை இடறுகிறது.

விண்டோஸ் பிறவியிலேயே விளையாட்டுக்கான நிலம் அல்ல. 1990களின் தொடக்கத்தில் கணினி விளையாட்டு என்றால் டாஸ். அங்கே விளையாட்டு எழுதுகிறவர் வன்பொருளோடு நேரடியாகப் பேசுவார், இடையில் தரகர் இல்லை. விண்டோஸ் 3.1 இடையில் உட்கார்ந்துகொண்ட தரகர். எனவே எழுதுகிறவர்கள் அதை ஒதுக்கினார்கள். 1994 கிறிஸ்துமஸுக்கு டிஸ்னி கொண்டுவந்த 'லயன் கிங்' விண்டோஸ் விளையாட்டு பல வீட்டுக் கணினிகளில் முடங்கிப்போனது மைக்ரோசாஃப்டுக்குப் பெரிய தலைக்குனிவு. அதற்குப் பிறகுதான், 1995 செப்டம்பரில், டைரக்ட்எக்ஸ் வருகிறது. வன்பொருளைத் தொட வேண்டுமா, தொடு, ஆனால் நான் கொடுக்கிற மொழியில் பேசித் தொடு என்பது அதன் ஏற்பாடு. உள்ளே அந்தத் திட்டத்துக்கு வைத்திருந்த பெயர் மன்ஹாட்டன் திட்டம். ஜப்பானிய விளையாட்டுக் கருவிகளின் ஆதிக்கத்தை முறிக்க அமெரிக்கர்கள் வைத்த பெயர் அது, முதல் சின்னமும் கதிரியக்க எச்சரிக்கைக் குறியைப் போலவே இருந்தது. பெயர்கள் சும்மா வைக்கப்படுவதில்லை. 2001இல் வந்த எக்ஸ்பாக்ஸ் பெயரும் 'டைரக்ட்எக்ஸ் பெட்டி'யின் சுருக்கம்தான்.

டைரக்ட்எக்ஸின் பலம் அதன் வேகத்தில் மட்டும் இல்லை. அந்த மொழியில் எழுதப்பட்டது வேறெங்கும் புரியாது என்பதிலும் இருந்தது. சிலிக்கன் கிராஃபிக்ஸிலிருந்து 1992இல் வந்த ஓப்பன்ஜிஎல் என்கிற பொதுமொழி இருக்கத்தான் செய்தது. டூம் எழுதிய ஜான் கார்மாக் போன்றவர்கள் அதற்காக வாதாடினார்கள். ஆனாலும் சந்தை மைக்ரோசாஃப்டின் மொழியில் குடியேறியது. விளையாட வேண்டுமென்றால் விண்டோஸ் வேண்டும் என்பது இப்படித்தான் இயற்கை விதி மாதிரி ஆனது.

இதே காலத்தில் எதிர்ப்பக்கம் நடந்த வேலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. லினக்ஸ் வந்தது 1991. இரண்டே ஆண்டில், 1993இல், வைன் தொடங்கிவிட்டது. விண்டோஸ் நிரல் ஒன்று இயங்குதளத்தைப் பார்த்து 'ஒரு சன்னலைத் திற', 'இந்தக் கோப்பைக் கொடு' என்று கேட்கும். அந்தக் கேள்விகளை வாங்கி லினக்ஸ் கொடுக்கக்கூடிய பதில்களாக மாற்றித் தருவதே வைன். விண்டோஸின் மூலநிரலைப் பார்க்காமல், அது வெளியே நடந்துகொள்ளும் விதத்தை மட்டும் கவனித்து எழுத வேண்டும். அகராதி இல்லாத மொழியை, பேசுகிறவரின் வாயைப் பார்த்தே கற்பது மாதிரி. 1994 முதல் அலெக்ஸாந்த்ர் ஜூலியார் அதை நடத்திவருகிறார். 1.0 என்று எண் போட்டு வெளியிட 2008 ஆயிற்று. பதினைந்து வருஷம்! அதில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது சம்பளமில்லாத ராத்திரி வேலை.

வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. 1998இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய லோக்கி நிறுவனம் விளையாட்டுகளை லினக்ஸின் சொந்த மொழியிலேயே மாற்றி எழுதி விற்றது. திவாலாகி 2002இல் மூடிவிட்டது. தனிமொழியில் எழுத வாசகர் போதவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் கிராமங்களில் புறம்போக்கு என்பது யார் பேரிலும் பட்டா இல்லாத நிலம். ஆடு மேயும், களம் போடுவார்கள், ஏரிக்கரையாகவும் இருக்கும். வைன் அப்படியொரு புறம்போக்காகத்தான் இருந்தது. அதன் ஆரம்ப உரிமம் மிகத் தளர்வானது: யாரும் எடுக்கலாம், எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. டிரான்ஸ்கேமிங் என்கிற கம்பெனி எடுத்தது. டைரக்ட்எக்ஸ் விளையாட்டுகள் ஓடும்படி மேலே வேலை செய்து, வேலிபோட்டு, மாதச் சந்தாவுக்கு விற்றது. சட்டப்படி தவறில்லை. ஆனால் பல வருஷம் உழைத்தவர்களுக்குத் தங்கள் களத்துக்கே வாடகை கொடுக்கிற நிலை. பெரிய விவாதம் நடந்தது. 2002 மார்ச்சில் வைன் தன் உரிமத்தை எல்ஜிபிஎல்லுக்கு மாற்றிக்கொண்டது. இனி திருத்தி வெளியிடுகிறவர் திருத்தத்தின் மூலநிரலையும் வெளியிட வேண்டும். கைக்கணினியின் வரலாற்றில் தீர்மானகரமான தேதி கருவிகள் வெளிவந்த தேதி எதுவுமில்லை, இந்த மார்ச் மாதம்தான் என்பேன். அன்றைக்கு அந்த வேலி தடுக்கப்படாமல் போயிருந்தால், பின்னால் வந்த பெரிய முதலாளி செய்த திருத்தங்கள் ஒன்றுகூடப் பொதுவுக்குத் திரும்பியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

அந்தப் பெரிய முதலாளி வால்வ். அதை நிறுவிய கேப் நியூவெல் யார்? 1983 முதல் பதின்மூன்று ஆண்டுகள் மைக்ரோசாஃப்டில் இருந்தவர். டூமை விண்டோஸ் 95இல் ஓடவைத்த வேலையை முன்னின்று நடத்தியவர். விண்டோஸ் விளையாட்டு நிலம் ஆனதில் கைநாட்டு வைத்தவர்களில் ஒருவர். 1996இல் வெளியேறி வால்வைத் தொடங்கினார், 2003இல் ஸ்டீம் என்கிற இணையக் கடையைத் திறந்தார். 2012இல் விண்டோஸ் 8 தனக்கென்று ஒரு கடையோடு வந்தபோது கணினி உலகத்துக்கே இது பேரழிவு என்று பேசினார். பேரழிவு என்ன? அடுத்தவன் நிலத்தில் கடை வைத்திருந்தவருக்கு, நிலக்காரனே கடை போடுகிறான் என்பதுதான். 2013இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது கொள்கைப்பற்றால் அல்ல என்று சொல்ல இதற்குமேல் ஆராய்ச்சி வேண்டாம்.

முதல் முயற்சி தோற்றது. 2015 நவம்பரில் வந்த ஸ்டீம் மெஷின்கள் லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகளை நம்பியிருந்தன. எழுத ஆளில்லை. லோக்கியின் கதை பெரிய பணத்தோடு மறுபடி நடந்தது. அதற்கு அப்புறம்தான் வால்வ் புறம்போக்குப் பக்கம் திரும்பியது. வைனில் வேலை செய்கிற கோட்வீவர்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்தது. நியர் ஆட்டோமாட்டா என்கிற ஒரே ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஃபிலிப் ரெபோலே தனியாளாக எழுதத் தொடங்கிய டிஎக்ஸ்விகேவை எடுத்துக்கொண்டு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. மைக்ரோசாஃப்டின் வரைகலை மொழியை, 2016இல் வந்த வல்கன் என்கிற பொதுமொழிக்கு மாற்றுவது அது. எல்லாம் சேர்ந்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் ஆயிற்று. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக்.

டெக் விற்பனைக்கு வந்த அதே நாளில் எல்டன் ரிங் வெளியானது. விண்டோஸில் அது அடிக்கடி திக்கித்திக்கி ஓடியது. வால்வின் ஆட்கள் மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே சில திருத்தங்களைச் செய்ய, டெக்கில் அந்தத் திக்கல் பெரிதும் அடங்கியது. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு சரளமாக வாசிக்கப்பட்ட தருணம்! மூலத்தின் புனிதம் பற்றி நம்மிடையே மூச்சுவிடாமல் பேசுகிறவர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கலாம்.

2023இல் அசூஸின் ராக் ஆலி முதலான விண்டோஸ் கைக்கணினிகள் வந்தன. பலவும் டெக்கைவிட வலுவான சில்லு கொண்டவை. ஆனால் விண்டோஸின் உடம்பு மேசைக்காக வளர்ந்தது. விரல் நுனிக்குச் சிக்காத சின்னங்கள், விளையாட்டுக்கு நடுவே எட்டிப்பார்க்கிற அறிவிப்புகள். முக்கியமாகத் தூக்கம். டெக்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டு அப்படியே உறைந்து, மறுபடி அழுத்தினால் விட்ட இடத்தில் எழுகிறது. விண்டோஸின் தூக்கம் கோழித்தூக்கம்: இணையம், புதுப்பிப்பு என்று அரைக்கண் திறந்தே கிடந்து பேட்டரியைத் தின்றுவிடும். பேருந்தில் கால்மணி நேரம் ஆடிவிட்டுப் பையில் போடுகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. 2025இல் லெனோவோ தன் லீஜியன் கோ எஸ் கருவியை இரண்டு இயங்குதளங்களிலும் விற்றபோது, ஒரே வன்பொருளில் பல விளையாட்டுகள் லினக்ஸில் கூடுதல் வேகத்தில் ஓடியதைச் சோதித்தவர்கள் எழுதினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வந்த ராக் எக்ஸ்பாக்ஸ் ஆலியில் மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? தன் மேசைத்திரையையே ஏற்றாமல் நேராக விளையாட்டுப் பட்டியலுக்குப் போகும் முறையைக் கொண்டுவந்தது. விண்டோஸ் கைக்கு அடங்க வேண்டுமானால் தன்னை மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதுவரை படிக்கிறவர் விடுதலைப்படைக் கதைதானே சரி என்று நினைக்கலாம். அங்கேதான் எனக்குச் சங்கடம். ஸ்டீம் தன் வாடிக்கையாளர்களிடம் எடுத்த 2025 அக்டோபர் கணக்கெடுப்பில் லினக்ஸ் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சரி. ஆனால் அந்த 3 சதவீதம் பெரும்பாலும் ஆடுவது விண்டோஸ் மொழியில் எழுதப்பட்டவற்றைத்தான். மொழிபெயர்ப்பு இவ்வளவு நன்றாக இருக்கும்போது லினக்ஸுக்கென்று தனியாக ஏன் எழுத வேண்டும்? சின்ன மொழிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. ஆதிக்க மொழி தன் ஊரை விட்டபிறகும் ஆதிக்க மொழியாகவே நீடிக்கிறது, இம்முறை அதற்குச் சோறு போடுவது எதிர்முகாம். மறுபக்கம், அந்த மொழியின் பிடியிலிருந்து அதன் முதலாளியைப் பிரித்தெடுத்தது வைன்காரர்களின் சாதனை என்பதையும் மறைக்கக்கூடாது. மொழி மிஞ்சியது, வாடகை போயிற்று. மொழிக்குப் பட்டா உண்டா என்கிற வழக்கு ஒன்று ஜாவாவை வைத்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆரக்கிளுக்கு எதிராக கூகுள் ஜெயித்த 2021 தீர்ப்பு, எடுத்தாண்டது நியாயமான பயன்பாடு என்றதே தவிர, பட்டா செல்லுமா என்பதைச் சாமர்த்தியமாகத் தீர்க்காமலே விட்டுவிட்டது.

சரி, வாடகை போனதா, கைமாறியதா? புரோட்டானின் மூலநிரல் திறந்து கிடக்கிறது. அதை ஏற்றிவருகிற ஸ்டீம் மூடிய பெட்டி. விற்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கடைக்கு முப்பது. நம் பக்கத்துச் சொல்லில் மேல்வாரம். 2018இலிருந்து ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கிறவர்களுக்கு 25, ஐந்து கோடிக்கு மேல் 20. பெரிய மிராசுக்கு வாரம் குறைவு, குத்துநிலக்காரனுக்கு முழு வாரம். வாங்குகிறவருக்கும் பட்டா கிடையாது. 2024 அக்டோபரிலிருந்து, கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வர இருந்த நெருக்கடியில், நீங்கள் வாங்குவது பொருளை அல்ல, உரிமத்தை என்று ஸ்டீம் பணம் கட்டும் இடத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. விண்டோஸா லினக்ஸா என்கிற சண்டையில் இந்த வரியை யாரும் வாசிப்பதில்லை.

கடைசிச் சண்டை கெர்னலில் நடக்கிறது. பலர் சேர்ந்து ஆடும் போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுவதைத் தடுக்க, இயங்குதளத்தின் ஆக உள்ளறையான கெர்னலிலேயே காவல்காரனை உட்காரவைக்கிறார்கள். வேலரன்டின் வேன்கார்டு கணினி எழும்போதே எழுந்துவிடும். லினக்ஸில் உள்ளறைச் சாவி பயன்படுத்துகிறவர் கையில் இருக்கிறது, எனவே அவர்களுக்கு நம்பிக்கை இல்லை. 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனும் அக்டோபரில் அபெக்ஸ் லெஜண்ட்ஸும் டெக்கில் கதவடைத்தன. ஏமாற்றுகிறவன் மற்ற எல்லாருடைய ஆட்டத்தையும் கெடுக்கிறான் என்கிற அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பேட்டில்ஐ போன்ற காவல் நிரல்கள் 2021இலேயே புரோட்டானுக்கு இடம் கொடுத்துவிட்டன, விளையாட்டுக் கம்பெனி 'சரி' என்றால் போதும். எனவே இதை வெறும் தொழில்நுட்பத் தடை என்று சொல்ல முடியாது. தன் கருவிக்குத் தானே முழுச் சொந்தக்காரர் என்பவரைச் சந்தேகத்துக்குரியவராக வரையறுக்கிற சொல்லாடல் இது. விண்டோஸில் ஆடுகிறவர் நல்லவர், ஏனென்றால் அவர் வீட்டுச் சாவி வேறொருவரிடம் இருக்கிறது.

அக்கா மகனிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். "நீங்க சொல்றது சரி மாமா. ஆனா எங்க செட்டு சனிக்கிழமை ஆடற கேம் இதுல ஓடாதே" என்றான். 2011இல் அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவுக்கு வந்தது. எங்கள் கல்லூரித் தம்பிகள் பலர் அந்தப் பக்கம் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்போதும் நான் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கும் சினேகிதர்கள் இருந்த இடம் அந்தப் பக்கம் இல்லை.

அவன் ஏற்கெனவே ஒரு சின்ன மெமரி கார்டில் விண்டோஸைப் போட்டு வைத்திருந்தான். சனிக்கிழமை ராத்திரி செருகுவான், ஆடி முடித்ததும் உருவிவிடுவான். நக அளவு கார்டு. ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதைக் காணோம் என்று அக்கா வீட்டில் பாயை உதறித் தேடினோம். கடைசியில் என் சட்டைப் பையில் இருந்தது.