அதிகைச் சாலையில் அம்பாசிடர்

தேருக்குப் பேர்போன தலம் திருவதிகை. முப்புரங்களை எரிக்கச் சிவபெருமான் புறப்பட்டபோது பூமியே தேர்த்தட்டாகவும், சூரிய சந்திரர் சக்கரங்களாகவும், நான்கு வேதங்களும் குதிரைகளாகவும், பிரமன் சாரதியாகவும் அமைந்தனர் என்று புராணம் கூறும். அந்த சம்ஹாரம் நிகழ்ந்த வீரட்டத் தலம் இதுவே ஆதலால், தேர்த் திருவிழா என்ற வழக்கமே முதன்முதலில் இங்கேதான் பிறந்தது என்று இவ்வூரார் உரிமையோடு சொல்லிக்கொள்வர். விநாயகரை வணங்காமல் புறப்பட்டதால் அத்தேரின் அச்சு வழியில் முறிந்தது என்றும், முறிந்த இடமே அச்சிறுபாக்கம் என்றும் வழங்கும் கதையையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். தேவர்கள் கூடிச் செய்த தேருக்கே அச்சு முறிந்ததென்றால், மனிதர் செய்த வாகனத்தைப் பற்றிக் கேட்பானேன்? ஆயினும், கெடிலக்கரையிலுள்ள இத்தலத்தையும் அதை ஒட்டிய பண்ருட்டியையும் நெய்வேலி நகரியத்தோடு இணைக்கும் சாலையில், உற்பத்தி நின்று பத்து வருஷங்களுக்கு மேலாகியும் அம்பாசிடர் கார் இடையிடையே கண்ணில் படுவதும், நல்ல விலை கொடுப்பதாகச் சொன்னாலும் அதை விற்க மனம் வராத சொந்தக்காரர் இன்னும் இருப்பதும், சிறிது நின்று யோசிக்கத்தக்க விஷயங்கள்.

இந்தக் காரின் ஜன்மபூமி நம் நாடு அன்று. பி. எம். பிர்லா 1942இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தைக் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்தில் தொடங்கினார். சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அது கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவுக்குப் பெயர்ந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, அவர்களுடைய கார்களை வேறு பெயர்களில் இங்கே செய்தார்கள். மோரிஸ் ஆக்ஸ்போர்டின் இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆயிற்று. மூன்றாம் வரிசை 1957இல் அம்பாசிடர் ஆயிற்று. ஆரம்பத்தில் 1476 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பழைய பக்கவால்வு எஞ்சின் இருந்தது. சில காலத்தில் அதற்குப் பதிலாக 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் வந்து, பல தசாப்தங்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. இங்கிலாந்தில் அந்த மூன்றாம் வரிசையை 1959இலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. பெற்ற தாய்நாடு மூன்றே ஆண்டுகளில் கைவிட்ட குழந்தையை, வளர்த்த நாடு ஐம்பத்தேழு ஆண்டுகள் இடுப்பை விட்டு இறக்கவில்லை.

நெய்வேலியும் அதே பருவத்தில் பிறந்ததுதான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கருமையான ஏதோ ஒன்று பீறிட்டு வந்ததாகத் தொடங்கும் அந்த வரலாறு, இப்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் பதிவாயிற்று. 1957 மே 20ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை நீக்கி, அடியிலுள்ள ஊற்று நீரின் அழுத்தத்தை இறைத்துத் தணித்து, 1961 ஆகஸ்டில் நிலக்கரியைக் கண்டார்கள். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் காலம் அது. இயன்ற அனைத்தையும் உள்நாட்டிலேயே செய்ய வேண்டும், செய்ய இயலாததை மிகச் சிக்கனமாகத் தருவிக்க வேண்டும் என்ற கொள்கையின் ஒரு கிளையில் நெய்வேலி முளைத்தது. மறு கிளையில் அம்பாசிடர். வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதி அடைபட்டபின், அம்பாசிடர், பம்பாயின் பியட், சென்னையின் ஸ்டாண்டர்டு என்ற மூன்றே வாசல்கள் திறந்திருந்தன. அவற்றுள் இடமும் உயரமும் மிகுந்தது முதலாவதாகையால், அரசாங்கமும் அரசாங்கம் நடத்திய தொழிற்சாலைகளும் தம் மேலதிகாரிகளை அதிலேயே ஏற்றின.

பொதுத்துறை நகரியங்களில் வளர்ந்தவர்களைக் கேட்டால் அந்த வாகனத்தின் லட்சணங்களை ஒரு மூச்சில் சொல்வார்கள். வெள்ளை நிறம், ஜன்னல்களில் சிறு திரைகள், பின் இருக்கையின் முதுகில் விரித்த வெள்ளைத் துவாலை, கதவைத் திறந்துவிட்டு நிற்கும் ஓட்டுநர். யார் முன்னால் உட்காருகிறார், யார் பின்னால் உட்காருகிறார் என்பதைக் கொண்டே உத்தியோகப் படிகளை அளந்துவிடலாம். வட்டம் வட்டமாகப் பிரிந்த குடியிருப்பில் நிழல் மரங்களுக்கிடையே அது மெதுவாக வரும்போது, சைக்கிளில் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி சற்று ஒதுங்குவது, வண்டிக்கு மரியாதையா ஆளுக்கு மரியாதையா என்று பிரித்துச் சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. அரசியலிலும் அப்படியே. எம்.ஜி.ஆர். பயன்படுத்திய 4777 என்ற எண்ணுள்ள அம்பாசிடரை, தியாகராய நகரிலுள்ள அவருடைய நினைவு இல்லத்தில் இன்றும் மக்கள் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார்கள்.

அந்நாளில் பணம் இருந்தாலும் இந்தக் காரைச் சுலபமாக வாங்கிவிட முடியாது. உற்பத்தி குறைவு, விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன, முன்பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பொறுமை இல்லாதவன் கள்ளச் சந்தையில் கூடுதல் கொடுத்துப் பழைய வண்டியைப் புதிதைவிட உயர்ந்த விலைக்கு வாங்குவான். போட்டி இல்லாத வியாபாரி எப்படி நடந்துகொள்வானோ அப்படியே கம்பெனியும் நடந்துகொண்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் மார்க் டூ, 1975இல் மார்க் த்ரீ, 1979இல் மார்க் ஃபோர் என்று பெயர்கள் மாறின; பெரும்பாலும் மாறியது முன்புற வலைப்பட்டியும் விளக்குகளின் அலங்காரமும்தான். டீசல் எஞ்சின் வந்ததும், 1990களில் ஜப்பானின் இசுசூ எஞ்சினைப் பொருத்தியதும் மட்டுமே உண்மையான மாற்றங்கள் எனலாம். முதலாளியின் சோம்பல் என்றுதான் இதை எழுத வேண்டும்.

ஆனால் சரித்திரத்தில் ஒருவருடைய சோம்பல் மற்றொருவருடைய பாக்கியமாக முடிவதுண்டு. உருவம் மாறாமல் இருந்ததால், ஒரு மார்க்கின் கதவோ, மட்கார்டோ, பட்டை ஸ்பிரிங்கோ சிறிது தட்டினால் அடுத்த மார்க்குக்கும் பொருந்திற்று. ஒரு தலைமுறை மெக்கானிக் கற்ற வித்தை அடுத்த தலைமுறைக்கும் செல்லுபடியாயிற்று. அலுவலகத்தில் ஓடி ஓய்ந்த வண்டியைக் கண்டம் செய்து ஏலத்தில் விடுவார்கள். அதை எடுத்தவர் பட்டறையில் நிறுத்தி, டிங்கரிங் பார்த்து, எஞ்சினை இறக்கிப் போர் செய்து, புது பிஸ்டன் போட்டு, வாடகைக் காராக நிலையத்துக்குக் கொண்டுவருவார். உத்தியோகஸ்தரின் துவாலை இருந்த இடத்தில் ரெக்ஸின் உறை ஏறும். முன் இருக்கை பிளவில்லாத ஒரே பெஞ்சு. கியர் கம்பி ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருந்ததால் நடுவில் காலுக்குத் தடையில்லை. ஆதலால் ஓட்டுநரோடு சேர்த்து முன்னால் மூவர், பின்னால் நால்வர், மடியில் குழந்தைகள் என்று ஒரு குடும்பமே திருவதிகைக் கோயிலுக்கோ வடலூர்த் தைப்பூசத்துக்கோ புறப்படும். திரும்பும்போது பண்ருட்டிப் பலாப்பழங்கள் டிக்கியில் ஏறும். அந்த டிக்கியின் விசாலத்தைப் பற்றி இப்பகுதிக்காரர் பேசத் தொடங்கினால் கேட்பவருக்குத்தான் அலுக்கும். முந்திரித் தோப்புகளுக்குள் செம்மண் பாதையில் பள்ளம் மேடு பாராமல் இறங்கி ஏறுவதற்கு அதன் உயரமும், பின் அச்சின் மேல் கிடந்த பட்டை ஸ்பிரிங்கும் துணை செய்தன.

பழுதுபார்க்கும் வசதியைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்வேன். பானெட்டைத் திறந்தால் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம் போன்ற இடம். கார்புரேட்டர் எது, டைனமோ எது, டிஸ்ட்ரிபியூட்டர் எது என்று கையால் தொட்டுக் காட்டலாம். வழியில் நின்றுவிட்டால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், காற்றுப் புகுந்த பெட்ரோல் குழாயை வாயால் ஊதிச் சரிசெய்வதும் ஓட்டுநரே செய்யக்கூடிய சிகிச்சைகள். சிற்றூர் லேத்துக் கடையில் புஷ் கடைந்து வாங்கலாம். வேண்டிய பாகம் உள்ளூரில் அகப்படாவிட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதியது. அங்கும் இல்லையேல் புதுப்பேட்டையில் பழையது. இன்றைய வண்டிகளில் ஒரு விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டரைப் பொருத்தி அது என்ன சொல்கிறது என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. அம்பாசிடரின் நோயை, பழகியவர் அதன் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். சொந்தக்காரருக்கு அதன்மேல் உள்ள அபிமானத்தைப் பழைய நினைவின் மயக்கம் என்று கூறுவோர், தன் உடைமையைத் தானே முழுதும் அறிந்து ஆள்வதில் ஒருவனுக்கு உண்டாகும் கௌரவத்தை மறந்துவிடுகிறார்கள்.

இதற்குக் குறையே இல்லை என்று எவரும் சாதிக்க மாட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பத் தோள் வலிமை வேண்டும். பிரேக்கை முன்யோசனையோடு மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் தரைத் தகடு துருப்பிடிக்கும். கதவு ஓசையோடு சாத்தினால்தான் சாத்திக்கொள்ளும். பெட்ரோல் குடிப்பதில் வஞ்சனையே இல்லை. குறையைச் சொல்லும்போதும் சொந்தக்காரர் குரலில் ஒரு பெருமிதம் ஒட்டிக்கொண்டிருப்பது வேறு விஷயம்.

இதன் ஆசனத்தைப் பறிக்க வந்தவை பல. வாக்ஸ்ஹால் விக்டரின் உருவத்தைக் கொண்டு அதே ஸ்தாபனம் 1984இல் கொணர்ந்த காண்டெஸா, மேலதிகாரிகளுக்கென்றே பிறந்தது. பெரிய உடலில் முதலில் அம்பாசிடரின் எஞ்சினையே வைத்ததால் மூச்சு வாங்கி, பின் இசுசூ எஞ்சினால் தெம்பு பெற்று, 2002இல் முடிந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985இல் ரோவரின் அழகிய உடலில் பழங்காலத்து எஞ்சினைப் பொருத்தி விற்ற ஸ்டாண்டர்டு 2000 சில வருஷங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதிதான் உண்மையான பகைவன். அது அதிகாரியை விட்டுவிட்டு அவருடைய குடும்பத்தைக் கவர்ந்தது.

1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 அம்பாசிடர் செய்த உத்தர்பாரா, கடைசி நிதியாண்டில் 2,200 அளவுக்கு இறங்கி, 2014 மே மாதத்தில் கதவடைத்தது. அங்குள்ள ரயில் நிலையத்துக்கு ஹிந்த் மோட்டார் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. 2017இல் அம்பாசிடர் என்ற பெயரைப் பிரான்ஸின் பெஜோ ஸ்தாபனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. காரே இல்லாத பெயருக்கு இத்தனை விலையா என்று வியந்தவர்கள் உண்டு. பண்ருட்டிப் பட்டறையில் நிற்கும் வண்டிக்காரருக்கு அந்த வியப்பு இராது.

இனி எஞ்சியிருப்பது சட்டத்தின் பகுதி. பதினைந்து வருஷம் கடந்த அரசாங்க வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது என்று மத்திய அரசு விதி செய்தது. மத்திய மாநில அலுவலகங்களோடு பொதுத்துறை நிறுவனங்களும் அதில் அடங்கும். கடைசி அம்பாசிடர் 2014இல் வெளிவந்ததாகையால், கணக்குப்படி 2029க்குப் பின் அலுவலகத்துக்குச் சொந்தமான அம்பாசிடர் ஒன்றும் நம் சாலைகளில் ஓட இயலாது. தனியாருக்கு அப்படிப்பட்ட தடை தமிழ்நாட்டில் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, பசுமை வரியும் கட்டிவிட்டால் ஓட்டலாம். அந்தப் புதுப்பிப்புக் கட்டணத்தைத்தான் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். உயர்த்தியும் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அதிகாரிகளுக்கு மட்டும் உரியதாயிருந்த அந்தப் பின் இருக்கையில் இப்பொழுது பெரும்பாலும் அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் உட்கார்ந்து வருகிறார்கள், முகூர்த்த நாட்களில் மட்டும் மாப்பிள்ளையும் பெண்ணும்.