துணிப் பகிஷ்காரமும் யாழ்ப்பாணச் சமூகமும்

1924இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் (பின்னர் வாலிபர் காங்கிரஸ்) இந்தியப் போராட்டத்தைத் தனதாகவே கருதியது. லங்காஷயர் ஆலைமுதலாளிகளின் துணிக்கு எதிராகக் கடலுக்கப்பால் எழுந்த பகிஷ்காரம் இங்கு கதராகவும் சுதேசியமாகவும் எதிரொலித்தது. 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தி, யாழ்ப்பாணத்திற்கும் வந்தார்.

கதர் உடுத்தோர் யாவர்? பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற மத்தியதர வர்க்கத்தினர். அவ்வர்க்கத்தின் குடும்பங்கள் பலவற்றை வாழவைத்ததோ மலாயாவிலிருந்து வந்த ‘மணியோடர்’. அதாவது, அதே ஏகாதிபத்தியம் வழங்கிய எழுதுவினைஞர் உத்தியோகம். இதனை ஏளனமாகக் கூறவில்லை. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்து, குடாநாட்டின் நான்கு தொகுதிகளையும் 1934 வரை வெறுமையாக விடச்செய்த உறுதி அவ்வாலிபருடையதே.

முக்கியமானது பிறிதொன்று. எத்துணியை உடுப்பது என்று வாதிக்கப்பட்ட அக்காலத்திலேயே, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணிவது இங்கு தடுக்கப்பட்டிருந்தது. அந்நியத் துணியை மறுக்கும் உரிமை, துணியுடுத்தும் உரிமை பெற்றோர்க்கே வாய்த்தது. வாலிபர் காங்கிரஸார் இம்முரண்பாட்டை அறியாதவரல்லர். பாடசாலைகளிற் சமாசனத்தை ஆதரித்தனர். கதரைச் சகித்துக்கொண்ட உயர்சாதியினருட் பலர் அதனைச் சகிக்கவில்லை. பம்பாயில் அந்நியத் துணி எரிந்தது. யாழ்ப்பாணத்தில், 1930 அளவில், சமாசனம் வழங்கிய பாடசாலைகள் எரிந்தன.