கோபுரம் முன்னே, மண்டபம் பின்னே

யொகொஹாமாவின் சான்கெயென் தோட்டத்தில் குளத்தைத் தாண்டிப் பார்வையை உயர்த்தினால், குன்றின் உச்சியில் மரங்களுக்கு மேலே ஒரு மூன்றடுக்கு பகோடா தெரியும். 1457இல் எழுப்பப்பட்டது. கான்டோ வட்டாரத்துப் பகோடாக்களில் இதுதான் மூத்தது என்கிறார்கள். ஆனால் அது பிறந்த மண் கான்டோ அல்ல. கியோத்தோ மாகாணத்தின் தென்பகுதியில், கமோ என்னும் ஊரில் இருந்த தோமியோஜி என்ற பௌத்தக் கோயிலின் கோபுரம் அது.

வாங்கி வந்தவர் பட்டு வணிகர் ஹாரா தோமிதாரோ. 1859இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்ட யொகொஹாமா, கச்சாப் பட்டு ஏற்றுமதியில் கொழித்த துறைமுகம். அந்தக் காசுதான் இங்கே குளமும் குன்றுமாக நிற்கிறது. பணக்காரர் தோட்டம் என்றால் மதிலும் காவலும்தானே? இவரோ 1906இலேயே வெளித்தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிட்டார்.

ஒரு கோயில் கோபுரம் எப்படிக் கைமாறியது? 1868இல் மெய்ஜி அரசு ஷின்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. அதுவரை ஒரே வளாகத்தில் கலந்து வாழ்ந்த இரண்டும் வெட்டிப் பிரிக்கப்பட்டன. சிலைகள் உடைந்தன, சுவடிகள் எரிந்தன, ஆதரவிழந்த பௌத்தக் கோயில்கள் பல பாழடைந்தன. தோமியோஜியும் தப்பவில்லை. மரத்தில் கழுந்தும் துளையுமாகக் கோத்த கட்டடம் என்பதால் பகோடாவைத் துண்டு துண்டாகப் பிரித்து, 1914இல் குன்றின்மேல் மறுபடி கோத்து நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் காமகுராவிலிருந்து தென்ஜுயின் என்ற சிறு கோயிலும் வந்தது. 1651இல் ஜிஸோ போதிசத்துவருக்காகக் கட்டியது. அதே 1916இல் தாகூர் ஹாராவின் விருந்தினராக இத்தோட்டத்தில் தங்கியிருந்தார்.

தோமியோஜியின் மூல மண்டபம் மட்டும் கமோவிலேயே நின்றது. 1947இல் புயல் அதைச் சிதைத்தது. பிரித்தெடுத்த மரங்கள் நெடுங்காலம் அடுக்கி வைக்கப்பட்டுக் கிடந்தன. ஹாரா 1939இலேயே மறைந்துவிட்டார்; தோட்டமும் 1953இல் நகரத்தின் பொறுப்புக்கு வந்துவிட்டது. கடைசியில் 1987இல் மண்டபம் சான்கெயெனில் எழுந்தது, கோபுரம் வந்து 73 ஆண்டு கழித்து. இன்று கோபுரம் குன்றின் மேலே, மண்டபம் கீழே.

கமோவில் பழைய கோயில் மனைக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் இடம்பெயராமல் இருக்கிறது: அந்தப் பௌத்தக் கோயிலுக்கே காவல் தெய்வமாக அமைந்திருந்த கோர்யோ ஷின்தோ ஆலயம்.