நேசமணி நின்ற தொகுதி

நாகர்கோவில் என்ற பெயரில் இன்று இருப்பது ஒரு சட்டமன்றத் தொகுதி மட்டுமே. 1952 முதல் 2009 வரை அதே பெயரில் ஒரு மக்களவைத் தொகுதியும் இருந்தது. அங்கே முதன்முதலாக ஓட்டு எண்ணியபோது அந்த ஊருக்குத் தலைநகர் சென்னை அல்ல, நம்முடைய திருவனந்தபுரம். கிள்ளிப்பாலம் தாண்டி, கரமனை, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று தெற்கே போகிற சாலையில் அப்போது எந்த மாநில எல்லையும் குறுக்கிடவில்லை. வலியசாலை அக்ரஹாரத்துத் தமிழரும் தோவாளை வயலில் இறங்கிய தமிழரும் ஒரே அரசுக்கு வரி கட்டினார்கள்.

அந்த ஒரே அரசில் இருக்க மாட்டோம் என்று தெற்கே இருந்தவர்கள் சொன்னதுதான் இந்தத் தொகுதியின் பிறப்புக் கதை.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முதலானோர் தொடங்கிய இயக்கம், அடுத்த ஆண்டே திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. 1947ல் அதற்குள் வந்து அதன் முகமாகவே ஆனவர் வழக்கறிஞர் ஏ. நேசமணி. விளவங்கோடு தாலுக்கா பள்ளியாடியில் 1895ல் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தவர். இந்த நகரத்தை எதிர்க்கத் தேவையான சட்ட அறிவை இந்த நகரமே அவருக்குக் கொடுத்தது.

1949 ஜூலை 1ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, தமிழ்த் தாலுக்காக்களை யாரும் தனியாகக் கேட்கவில்லை. கேட்கிற வாய்ப்பு முதல் பொதுத்தேர்தலில் வந்தது. நாகர்கோவில் தொகுதியில் நேசமணி தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்று டெல்லி போனார். சட்டமன்றத்தில் அவர் கட்சிக்கு 8 இடம். 1954ல் அது 12 ஆனது. எதிரே நின்றது விடுதலை வாங்கிக் கொடுத்த பெருமையோடு இருந்த காங்கிரஸ் என்பதை நினைத்தால்தான் அந்த எண்களின் கனம் புரியும். மாநிலப் பிரிப்புக்குப் பொதுவாக்கெடுப்பு நடக்கவில்லை என்று பலர் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் நடந்தது. அதற்குப் பொதுத்தேர்தல் என்று பெயர்.

தொகுதியையே பொதுவாக்கெடுப்பாக்கிய வேறொரு நாடு அயர்லாந்து. 1918 தேர்தலில் அங்கிருந்த 105 இடங்களில் 73ஐ சின் ஃபெய்ன் கட்சி வென்றது. வென்றவர்கள் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்து, 1919 ஜனவரி 21ல் டப்ளினில் தங்கள் சபையைக் கூட்டினார்கள். நேசமணி செய்தது நேர்மாறு. டெல்லி சபைக்குப் போனார், அங்கே உட்கார்ந்து வாதாடினார். பிரிவினை கேட்டவர் இந்தியாவிலிருந்து அல்ல, ஒரு மாநிலத்திலிருந்து மட்டுமே பிரிவு கேட்டார். அந்த வேறுபாட்டை டெல்லி புரிந்துகொண்டது; திருவனந்தபுரம் புரிந்துகொள்ளத் தாமதித்தது.

தாமதத்துக்குக் காரணம் மொழி மட்டும் அல்ல, நெல். நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அந்த வயல்களுக்காகவே அரசு பேச்சிப்பாறை அணையைக் கட்டியது. சோற்றுக்குப் பஞ்சம் வந்துவிடும் என்ற பயம் மலையாளத் தலைவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குக் கொடுத்த விலை அநியாயம். 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. கூட்டத்தில் நின்றவர்கள் செத்து விழுந்தார்கள். அப்போது முதலமைச்சர் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை. அவர் பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். பட்டம் விலகவில்லை. 1955 பிப்ரவரியில் மந்திரிசபை கவிழ்ந்தது. அந்த மந்திரிசபையின் நிதி மந்திரி ஒரு தமிழர் என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் உறுத்துகிற இடம்: 'மனோன்மணீயம்' சுந்தரம் பிள்ளையின் மகன், பி.எஸ். நடராஜ பிள்ளை.

ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழுவின் அறிக்கை 1955ல் வந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குத் தரச் சொன்னது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை, நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. 1956 நவம்பர் 1ல் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. களியக்காவிளையில் எல்லை வந்தது. நாம் இந்தப் பக்கம் நின்றோம். வலியசாலை, கரமனை, சாலைக் கடைத்தெருத் தமிழர்களுக்கு ஒரு நாகர்கோவில் இல்லை. தலைநகர் முழுக்கச் சிதறி இருந்தவர்கள் ஓட்டை ஒரே இடத்தில் குவித்துக் காட்ட வழியே இல்லை.

தமிழ்நாட்டுக்குப் போன பிறகும் அந்தத் தொகுதி ஊரோடு ஒத்து ஓடவில்லை. 1957ல் தாணுலிங்க நாடார், 1962லும் 1967லும் காங்கிரஸ்காரராக மீண்டும் நேசமணி. 1967ல் தமிழகம் எங்கும் தி.மு.க. அலை. விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். அந்த அலையில் நாகர்கோவில் நேசமணியைக் கைவிடவில்லை. 1968 ஜூன் 1ல் அவர் இறந்தார். 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் தோற்ற காமராஜரை அழைத்து நிறுத்தி, பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தது அதே தொகுதி. 1971ல் காமராஜரின் ஸ்தாபன காங்கிரஸ் தமிழ்நாட்டில் வென்ற ஒரே மக்களவைத் தொகுதியும் இதுதான். 1975 அக்டோபர் 2ல் கண் மூடியபோது காமராஜர் நாகர்கோவிலின் எம்.பி.

பிறகு 1977ல் குமரி அனந்தன், 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல்களில் டென்னிஸ், 1999ல் பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன், 2004ல் மார்க்சிஸ்ட் கட்சியின் பெல்லார்மின். அடுத்தடுத்து இந்த இரண்டு கட்சிகளையும் டெல்லிக்கு அனுப்பிய தொகுதி தமிழ்நாட்டில் அபூர்வம்.

2008ல் தொகுதி மறுவரையறை அமலுக்கு வந்தது. அதுவரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி நாகர்கோவிலோடு இல்லாமல் திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. இப்போது அது வந்து சேர்ந்தது, திருவட்டாறு மறைந்தது, மாவட்டம் முழுவதும் ஒரே எம்.பி.யின் கீழ் வந்தது. பெயர் கன்னியாகுமரி ஆயிற்று. 2009ல் அந்தப் புதிய பெயரில் முதலில் வென்றவர் தி.மு.க.வின் ஹெலன் டேவிட்சன். ஏற்பாடு நியாயமானதுதான், நேசமணி 1952ல் நின்ற தொகுதியின் பெயர் மட்டும் மக்களவைப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

எல்லைக்கு இந்தப் பக்கம், 1962ல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றவர் அதே நடராஜ பிள்ளை. அவரைப் பற்றி அடுத்த வாரம்.